மாடிப்படித் திருப்பத்தில் துடைக்கப்பட்ட கண்ணாடி

அம்மா மாடிப்படியின் திருப்பத்தில் நின்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதை ஏறக்குறைய ஐந்து மாதங்கள் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு படிகள் ஏறியதும் வருகிற அந்தத் திருப்பத்தில் அவர் நிற்பார். கைப்பிடியில் இடது முழங்கையை ஊன்றிக்கொள்வார். இரண்டு வில்லைகளையும் நிதானமாகத் துடைத்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டு மீதிப் படிகளை ஏறுவார். கண்புரை வளர்கிறதோ என்ற கவலையில் அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போனவள் நான். இதயநோய்ப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள், நாள்தோறும் இருபது முப்பது பேருக்கு ஈசிஜி எடுத்தவள், அவர் நிற்பது கண்ணுக்காக அல்ல, மூச்சுக்காக என்பதைக் கண்டுகொள்ள எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின.

ஒரு நாள் மாலை அவருக்குப் பின்னால் நானும் ஏறிக்கொண்டிருந்தேன். அவர் நின்றபோது நானும் நின்றேன். கண்ணாடி துணிக்குள் சுழன்றுகொண்டிருந்தது. அவருடைய கழுத்துப் பள்ளத்தில் தோல் உள்ளே இழுபடுவதும் விடுபடுவதுமாக இருந்தது. “மூச்சு வாங்குகிறதா, அம்மா?” என்று கேட்டேன். “அதெல்லாம் ஒன்றுமில்லை” என்றார். கேள்வியை மாற்றினேன். “போன வருடம் இந்தப் படியை எப்படி ஏறினாய்?” சற்று யோசித்துவிட்டு, “அப்போது நிற்காமல்தான் ஏறினேன். இப்போது என்ன அவசரம்?” என்றார்.

இதய நோய் வலியாக வந்து கதவைத் தட்டும் என்றுதான் பெரும்பாலோர் காத்திருக்கிறோம். நான் பார்த்த நோயாளிகளில் பலருக்கு அது வலியாக வரவில்லை. செய்துகொண்டிருந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துபோவதாக வந்தது. ஒருவர் காலை நடையைப் பாதித் தூரத்தில் முடித்துக்கொள்கிறார். இன்னொருவர் பேருந்தைப் பிடிக்க ஓடுவதை விட்டுவிடுகிறார். வேறொருவர் படுக்கையறையை மாடியிலிருந்து கீழே மாற்றிக்கொள்கிறார். தொந்தரவு தருகிற வேலையையே நிறுத்திவிட்டதால், மருத்துவர் “ஏதாவது தொந்தரவு இருக்கிறதா?” என்று கேட்கும்போது அவர்கள் உண்மையாகவே “இல்லை” என்கிறார்கள். அது பொய்யில்லை. கேள்விதான் போதவில்லை. “ஆறு மாதங்களுக்கு முன்னால் செய்ய முடிந்த எந்த வேலையை இப்போது செய்வதில்லை?” என்று கேட்டால் பதில் வேறாக வரும். எனக்குத் தெரிந்த இதய நோய்களை இந்த ஒரு கேள்வியின் வழியாகவே இங்கே சொல்லப் போகிறேன்.

அம்மாவுக்கு வந்திருந்தது பெருந்தமனி வால்வு சுருக்கம். இதயத்தின் இடது கீழறையிலிருந்து உடல் முழுவதற்கும் ரத்தம் வெளியேறும் வாசலில் மூன்று மெல்லிய இதழ்கள் இருக்கின்றன. நல்ல நிலையில் அவை முழுதாக விரியும்போது 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு வழி கிடைக்கும். ஆண்டுகள் போகப்போக அந்த இதழ்களில் சுண்ணாம்பு படிந்து அவை விறைத்துவிடுவதுண்டு. வழி 1 சதுர சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் அதைத் தீவிரச் சுருக்கம் என்கிறார்கள். ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ பரிசோதனையில் அம்மாவுக்கு அது 0.7 என்று வந்தது. பிறவியிலேயே மூன்றுக்குப் பதில் இரண்டு இதழ்களோடு பிறப்பவர்கள் நூற்றுக்கு ஒருவரோ இருவரோ இருக்கிறார்கள். அவர்களுக்கு இதே சுருக்கம் இன்னும் இளம் வயதிலேயே வரலாம்.

இந்த நோய்க்கு முகங்கள் மூன்று: ஏறும்போது மூச்சு வாங்குவது, நடக்கும்போது நெஞ்சு இறுகுவது, உடலை வருத்தும் வேலையின் நடுவே கண் இருட்டி விழுவது. பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். ஆனால் இந்த மூன்றில் ஒன்று தலைகாட்டிய பிறகு, வால்வை மாற்றாமல் விட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் சில ஆண்டுகள்தான். சுருங்கிய வால்வை விரிக்க மாத்திரை எதுவும் கிடையாது. அதே சமயம் இதைச் சந்தேகிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. மார்பெலும்பின் வலப்பக்க மேல்முனையில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் கரகரவென்று ஒரு இரைச்சல் கேட்கும், அது கழுத்துவரை ஏறும். என்னுடைய ஸ்டெதஸ்கோப் வீட்டு அலமாரியிலேயே இருந்தது என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

வால்வை மாற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மார்பைத் திறந்து பழைய வால்வை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைத் தைப்பது. உலோகமும் கார்பனும் கொண்டு செய்த வால்வு நீண்ட காலம் உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுதும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையையும் அவ்வப்போது செய்துகொண்டே இருக்க வேண்டும். விலங்குத் திசுவால் ஆன வால்வுக்கு அந்தக் கட்டாயம் பெரும்பாலும் இல்லை, ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது தேய்ந்துவிடலாம். இன்னொரு வழி, தொடை ரத்தக்குழாய் வழியாக ஒரு குழாயைச் செலுத்தி, மடித்து வைத்த வால்வைப் பழைய வால்வின் உள்ளேயே விரித்துவிடுவது. பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே என்ற மருத்துவர் 2002-இல் இதை முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செய்தார். அறுவை சிகிச்சையைத் தாங்க முடியாதவர்களுக்கு என்று தொடங்கிய இந்த முறை இப்போது முதியவர்கள் பலருக்கு முதல் தேர்வாகவே ஆகிவிட்டது. இதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. பக்கவாதம் வரலாம், வால்வின் ஓரத்தில் கசியலாம், இதயத்தின் மின்பாதை நசுங்கிப் பிறகு துடிப்பை முடுக்கும் பேஸ்மேக்கர் கருவி தேவைப்படலாம். 77 வயதான அம்மாவுக்கு இதைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

அம்மாவின் கதையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, எல்லாரும் அஞ்சுகிற நோய்க்கு வருகிறேன். இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் கரோனரிக் குழாய்களின் சுவரில் கொழுப்பும் அழற்சியும் சேர்ந்து மேடு கட்டுவதால் வருவது அது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது குறுகலான குழாய் வழியாகவும் தேவையான ரத்தம் போய்விடும். நடந்தால், ஏறினால், கோபப்பட்டால் தேவை கூடுகிறது, வரத்து கூடுவதில்லை. அப்போது வருவதுதான் ஆஞ்சைனா. 1768-இல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் இதை விவரித்தபோது, நடக்கும்போது, அதிலும் மேடேறும்போதும் சாப்பிட்ட பின்பும் இது பிடிக்கிறது, நின்றவுடன் விட்டுவிடுகிறது என்று சொன்னார். ஈசிஜி இல்லை, எக்ஸ்ரே இல்லை, கரோனரிக் குழாய்தான் காரணம் என்ற தெளிவும் அப்போது இல்லை. நோயாளிகள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டே அவர் அதைக் கண்டுகொண்டார். இருநூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் அந்த விவரிப்பில் ஒரு சொல்லைக்கூட மாற்றத் தேவையில்லை.

நான் கவனித்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆஞ்சைனா உள்ளவரிடம் “எங்கே செய்கிறது?” என்று கேட்டால், பெரும்பாலும் விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டமாட்டார். உள்ளங்கையை நெஞ்சின் நடுவில் பரப்புவார், அல்லது கையை மூடி முஷ்டியாக அழுத்துவார். சொல்லும் சொற்களும் வேறு: பாரமாக இருக்கிறது, அடைக்கிறது, பிசைகிறது, கயிறு கட்டி இறுக்குவதுபோல் இருக்கிறது, எரிகிறது. “வலிக்கிறதா?” என்றால் “வலி இல்லை” என்பார். ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய, அழுத்தினால் கூடுகிற, சுரீர் என்று ஒரு நொடி வந்து மறைகிற வலி இதயத்தினுடையதாக இருக்கும் வாய்ப்புக் குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை.

இதற்குரிய மருத்துவம் மூன்று திசைகளில் போகிறது. தொந்தரவு வரும்போது நாக்கின் அடியில் வைக்கும் அல்லது தெளிக்கும் நைட்ரோகிளிசரின், குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் சுமையைச் சில நிமிடங்களில் இறக்கிவிடும். உட்கார்ந்துகொண்டுதான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும், நின்றபடி எடுத்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி விழ நேரும்; ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் போன்ற மாத்திரையைச் சாப்பிட்ட ஒருவர் அதைத் தொடவே கூடாது, இதைச் சொல்ல வெட்கப்பட்டு உயிரை விடக்கூடாது. டைனமைட் செய்த ஆல்ஃபிரட் நோபலுக்கே அவருடைய கடைசிக் காலத்தில் இதய நோய்க்காக இதே நைட்ரோகிளிசரின் எழுதித் தரப்பட்டது. அடுத்த திசை, இதயத்தின் வேகத்தைக் குறைத்துத் தேவையைக் கட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள். மூன்றாவது, உயிரைக் காப்பவை: கொழுப்பு மேட்டை நிலைப்படுத்தும் ஸ்டேட்டின், தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மருந்துகள், புகைபிடிப்பதை நிறுத்துவது. புகையை விட்ட ஓராண்டுக்குள், அதனால் கூடியிருந்த இதய ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. அவ்வளவு பெரிய பலனை அவ்வளவு விரைவில் தரும் மாத்திரை எதையும் நான் அறியேன்.

அடைப்பு என்றாலே ஸ்டென்ட், அதாவது குழாயைத் திறந்து வைக்கும் சிறு கம்பிவலை, என்று மனம் ஓடுவது இயல்பு. 1977-இல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் பலூன் கொண்டு கரோனரிக் குழாயை விரித்துக் காட்டியதும், 1986-இல் முதல் ஸ்டென்ட் வைக்கப்பட்டதும் மருத்துவத்தின் பெருமைக்குரிய நாட்கள், அதில் ஐயமில்லை. ஆனால் நடந்தால் வந்து நின்றால் போகிற, மாதக்கணக்கில் மாறாமல் இருக்கிற ஆஞ்சைனாவுக்கு ஸ்டென்ட் என்ன செய்கிறது என்பதை இரண்டு பெரிய ஆய்வுகள் பார்த்தன: 2007-இல் வெளியான கரேஜ், 2020-இல் வெளியான இஸ்கீமியா. இரண்டாவதில் 5,179 பேர் பங்கேற்றார்கள். நல்ல மருந்துகளோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்தவர்களுக்கும், முதலில் மருந்துகளை மட்டும் எடுத்துக்கொண்டவர்களுக்கும் இறப்பில் வேறுபாடு தெரியவில்லை. தொந்தரவு அடிக்கடி வந்தவர்களுக்கு அது குறைந்தது, அதுவே பலன். ஆகவே நிலையான ஆஞ்சைனா உள்ளவர் “இதை ஏன் செய்கிறோம், நாளைக்கே செய்ய வேண்டுமா, மருந்தோடு பார்த்தால் என்ன?” என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை. நல்ல மருத்துவர் அந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

இடது பிரதானக் குழாயில் அடைப்பு இருந்தால் இந்தக் கணக்குப் பொருந்தாது. அந்த இடத்தில் அடைப்பு உள்ளவர்களுக்கும், மூன்று குழாய்களிலும் அடைப்பும் கூடவே சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கும் பைபாஸ் பல நேரங்களில் மேலானது. காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு மாற்றுப் பாதை போடும் முறையை 1967-இல் ரெனே ஃபவலோரோ நிலைநிறுத்தினார். நெஞ்சுச் சுவரின் உட்புறம் ஓடும் தமனியைக் கொண்டு போடும் பாதை அதைவிட நீண்ட நாள் திறந்திருக்கிறது என்பது பிறகு தெரிந்தது.

மாரடைப்பு வேறு கதை. அந்தக் கொழுப்பு மேட்டின் மேல்தோல் கிழிந்து, கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, குழாயை முழுதாக அடைத்துக்கொள்வதுதான் அது. குழாயை அதிகம் குறுக்காத சிறு மேடுகூடக் கிழியலாம். அதனால்தான் நேற்றுவரை ஓடியவர் இன்று விழுகிறார். இங்கே மட்டும் ஆறு மாதக் கணக்குச் செல்லாது, கடிகாரம்தான் கணக்கு. நெஞ்சில் அழுத்தம் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் நீடிப்பது, இடது கைக்கோ இரண்டு கைகளுக்குமோ, தாடைக்கோ, முதுகுக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, குமட்டல், மூச்சுத்திணறல், காரணம் சொல்ல முடியாத பயம் ஆகிய இவற்றில் எது வந்தாலும் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். தானே வண்டி ஓட்டிக்கொண்டு போவது கூடாது. ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவர் அவசர உதவி எண்ணில் சொல்லும் அறிவுரைப்படி 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். முழுதாக விழுங்குவதைவிட மெல்லுவதால் அது விரைவில் வேலை செய்கிறது.

பெண்களுக்கும், முதியவர்களுக்கும், நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் நெஞ்சு அழுத்தமே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலாகவோ, வாந்தியாகவோ, அசாத்தியச் சோர்வாகவோ மாரடைப்பு வரலாம். ஒரு முறை ஒரு பெரியவர் தாமாகவே நடந்து ஈசிஜி அறைக்கு வந்தார். வாயுத் தொல்லை என்று இரண்டு நாட்களாக மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். சட்டையைக் கழற்றச் சொன்னபோது அது முதுகில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சில் ஒட்டிய மின்முனைகள் வியர்வையில் வழுக்கி வழுக்கி விழுந்தன, துணியால் மூன்று முறை துடைத்து ஒட்டினேன். தாள் வெளியே வரத் தொடங்கியதும், கோடு கல்லறைக் கல்லைப்போல் உயர்ந்து நிற்பதைப் பார்த்தேன். “நெஞ்சு வலிக்கவே இல்லையே அம்மா” என்று அவர் என்னைச் சமாதானப்படுத்தினார். அவர் பிழைத்தார். ஆனால் இரண்டு நாட்களில் இழந்த தசை திரும்ப வரவில்லை.

முதல் ஈசிஜி சரியாக இருப்பதாலேயே மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் உயரச் சில மணி நேரம் ஆகலாம். அதனால்தான் ரத்தத்தை இரண்டாவது முறையும் எடுக்கிறார்கள், ஈசிஜியைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். குழாய் முழுதாக அடைத்துக்கொண்டது உறுதியானால், பலூனால் குழாயை விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள மருத்துவமனைக்குள் நுழைந்த 90 நிமிடங்களுக்குள் அதைத் திறந்துவிட வேண்டும் என்பது இலக்கு. அந்த வசதி அருகில் இல்லையென்றால் உறைவைக் கரைக்கும் ஊசி போடுவார்கள். முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் அது தரும் பலன் அதற்குப் பிறகு வேகமாகக் குறைந்துவிடும். வீட்டில் “கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்” என்று கழிகிற நேரத்தை எந்த மருத்துவராலும் மீட்டுத் தர முடியாது.

ஸ்டென்ட் வைத்த பிறகு எழுதித் தரும் இரண்டு தட்டணு எதிர்ப்பு மாத்திரைகளை, மாரடைப்பு வந்தவர்கள் வழக்கமாக 12 மாதங்கள் சேர்த்துச் சாப்பிட வேண்டும். உடம்பு நன்றாகிவிட்டது என்று நினைத்தோ, பல் பிடுங்குவதற்காக யாரோ சொன்னார்கள் என்றோ இடையில் நிறுத்தியவர்கள் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். நிறுத்துவதென்றால் இதய மருத்துவரிடம் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் ஒன்றல்ல. முன்னது குழாய் அடைப்பு. நோயாளிக்கு நினைவு இருக்கும், பேசுவார். பின்னது மின் கோளாறு. இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும், அவர் சாய்ந்துவிடுவார், கூப்பிட்டால் பதில் இருக்காது, மூச்சு இருக்காது அல்லது மீன் வாய் திறப்பதுபோல் இடைவிட்டு இழுக்கும். அந்த இழுப்பை மூச்சு என்று நினைத்துவிடக் கூடாது. உதவிக்கு அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்துவாரும் இல்லாமல், மின் அதிர்ச்சியும் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று கையைப் பின்னுக்கு இழுப்பவர்களுக்கு நான் சொல்வது, முறிந்த எலும்பு கூடிவிடும் என்பதுதான்.

இதயச் செயலிழப்பு என்ற சொல் கேட்பவரை உலுக்கிவிடுகிறது. இதயம் நின்றுவிட்டதாகவே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது, உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை இதயத்தால் தள்ள முடியாத நிலை, அல்லது விறைத்துப்போனதால் போதுமான ரத்தத்தை உள்வாங்க முடியாத நிலை. பழைய மாரடைப்பு, நீண்ட நாள் ரத்த அழுத்தம், வால்வு நோய், மது, சில வைரஸ் தொற்றுகள் எனக் காரணங்கள் பல. என் ஆறு மாதக் கேள்வி இங்கேதான் மிக நன்றாக வேலை செய்கிறது. இப்போது எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள், போன வருடம் எத்தனை? ஒன்றாக இருந்தது மூன்றாகியிருந்தால், படுத்தால் நுரையீரலில் நீர் தேங்குகிறது என்று பொருள். இரவில் இரண்டு மணிக்கு மூச்சு முட்டி எழுந்து ஜன்னல் ஓரம் போய் நிற்கிறீர்களா? மாலையில் செருப்பு வார் இறுக்குகிறதா, காலுறையைக் கழற்றினால் கணுக்காலில் பள்ளம் விழுகிறதா?

இந்த நோயாளிகளுக்கு எடை பார்க்கும் கருவிதான் மிகச் சிறந்த தோழன். காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன், அதே அளவு உடையோடு எடை பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். மூன்று நாட்களில் 2 கிலோ கூடினால் அது சதை அல்ல, நீர். அன்றே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னால் நீர் இறக்கும் மாத்திரையின் அளவைக் கூட்டி வீட்டிலேயே சமாளித்துவிடலாம், ஒரு வாரம் விட்டால் ஆம்புலன்ஸில் வரவேண்டியிருக்கும். தள்ளும் வலிமை குறைந்த இதயத்துக்கு இப்போது நான்கு வகை மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள். அவற்றில் ஒன்று சர்க்கரை நோய்க்காகப் பிறந்தது: 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் டாபாக்ளிஃப்ளோசின், சர்க்கரை நோய் இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் பயன் தந்தது. “எனக்குச் சர்க்கரை இல்லையே, இதை ஏன் எழுதினார்கள்?” என்று மாத்திரையைத் தூக்கி வைத்துவிட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மாதம் தவறாமல் வார்டுக்குத் திரும்பி வந்த இப்படிப்பட்ட நோயாளிகள், பிற்காலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை வந்து நலம் விசாரித்துப் போகிறவர்களாக மாறியதைக் கண்ணால் பார்த்தேன்.

படபடப்பு எல்லாமே நோயல்ல. இடையில் ஒரு துடிப்பு தவறி அடுத்தது பலமாக இடிப்பது நலமான இதயங்களிலும் நடப்பதுதான். மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துப் பாருங்கள்: நாடி ஒழுங்காக ஓடுகிறதா, ஒழுங்காக ஓடி நடுவில் மட்டும் தவறுகிறதா, அல்லது எந்தத் தாளத்துக்கும் அடங்காமல் ஓடுகிறதா? கடைசியாகச் சொன்னதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கக்கூடியது. மேலறைகள் சுருங்குவதை விட்டு நடுங்குகின்றன. ரத்தம் அங்கே தேங்கி உறைகிறது. உறைந்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் பக்கவாத ஆபத்தை ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆக்குகிறது. ஆகவே துடிப்பைச் சீராக்குவதற்கு முன்பே, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தேவையா என்று வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முந்தைய பக்கவாதம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்து முடிவு செய்கிறார்கள். துடிப்பை அடக்க மாத்திரைகள் உண்டு, மின் அதிர்ச்சி உண்டு, கோளாறு கிளம்பும் இடத்தைச் சுட்டு அடைக்கும் அப்லேஷனும் உண்டு. அந்த இடம் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளின் வாயில் இருக்கிறது என்பதைப் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் 1998-இல் காட்டினார்கள்.

துடிப்பு மிகவும் மெதுவாகி மயக்கம் வருகிறவர்களுக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது. முதன்முதலாக 1958-இல் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உடலுக்குள் அதைப் பொருத்தினார்கள். முதல் கருவி சில மணி நேரமே வேலை செய்தது. அடுத்தடுத்து 26 கருவிகளோடு வாழ்ந்த அவர் 2001-இல் 86 வயதில் வேறொரு நோயால் இறந்தார். பேஸ்மேக்கர் வைக்கச் சொன்னவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று அழுத நோயாளிகளின் அருகில் உட்கார்ந்து இந்த மனிதரைப் பற்றித்தான் சொல்வேன்.

சிறுவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று இதயத்தில் ஏதோ ஒரு குறையோடு பிறக்கிறது. அதில் பல சிறு ஓட்டைகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, இரண்டு வாய் குடித்துவிட்டு மூச்சு வாங்கி நிறுத்துவது, எடை கூடாதது, உதடு நீலமாவது ஆகியவற்றைக் குழந்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குழந்தைக்குப் படி ஏறத் தெரியாது. பால் குடிப்பதுதான் அதன் மாடிப்படி. இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு, சரியாக மருந்து கொடுக்காத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்று ருமாட்டிக் காய்ச்சலாகி வால்வுகளைத் தழும்பாக்கிவிடலாம். ஒருமுறை வந்தவர்களுக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பல ஆண்டுகள் தேவைப்படுகிறது. ஊசி வலிக்கிறது என்று விட்டுவிட்ட பெண்கள் பின்னாளில் கர்ப்பத்தின்போது மூச்சுத்திணறலோடு வந்து சேர்ந்தது என் வேலையின் மிக வருத்தமான நினைவுகளில் ஒன்று.

அம்மாவுக்கு வால்வு வைத்த மறுநாள் காலை, வார்டின் நீண்ட நடையில் அவரை நடக்க வைத்தார்கள். தொடையில் சிறு கட்டு மட்டும் இருந்தது. ஆறு வாரங்கள் கழித்து ஒரு நாள் நான் கீழே நின்றுகொண்டிருந்தேன். அவர் திருப்பத்தை அடைந்தார், நிற்கவில்லை, ஏறிப் போனார், மேலே போனதும் திரும்பிப் பார்த்து, “என்ன, அங்கேயே நின்றுவிட்டாய்? உனக்கு மூச்சு வாங்குகிறதா?” என்று கேட்டார். அடுத்த எக்கோவுக்கு ஓராண்டு கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்திருக்கிறேன். அதன் பக்கத்திலேயே, மாதத்துக்கு ஒருமுறை அவரோடு மாடி ஏறும் நாட்களையும் குறித்திருக்கிறேன்.